மாரிசெல்வி மூடி வைத்த மருந்து

விஸ்வநத்தம்,
14.12.2006, வியாழன்.

அன்பு மகன் புகழேந்திக்கு அப்பா வேலுச்சாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஷார்ஜாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க அய்யப்பனை வேண்டிக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரி மாரிசெல்வியும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறாள். பார்வைக்கு என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் செல்போன் அவள் கையில்தான் இருக்கிறது, நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் என்னிடம் கொடுத்துவிட்டு அவள் அந்த இடத்தை விட்டு நகருவதே இல்லை, அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்ன பேசுவது. அதனால் தபாலாபீஸ் போய் வெளிநாட்டு உறை வாங்கி வந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, உன்னோடு தங்கியிருக்கிறவர்கள் கையில் சிக்க விடாதே, யார் எப்படியோ தெரியாது.

முதலில் வீட்டுச் சேதி. இந்த வருடம் மழை பரவாயில்லை, வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை, பார்த்தால்தான் நம்புவேன். உன் அம்மா தினக்காலண்டர் கம்பெனிக்குப் போகிறாள், புது வருடம் நெருங்குவதால் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குகிறாள். நான் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டேன், காலையிலும் சாயங்காலமும் குளியல், வீட்டில் கவிச்சி கிடையாது. ஆக பகல் முழுக்க வீட்டில் நானும் மாரிசெல்வியும்தான். பட்டாசுக் கம்பெனியில் இருந்து நின்றபிறகு எனக்கு வேலை இல்லாததால் வேண்டாததெல்லாம் கண்ணில் படுகிறது என்று உன் அம்மா சொல்கிறாள். முப்பத்தொரு வருடம் மருந்து ரூமில் போர்மேனாக இருந்தவனுக்கு வேண்டியது எது வேண்டாதது எது என்று தெரியாதா. இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதா, சட்டைப்பையில் பீடி இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்திச் சந்தேகப்பட்டதால்தான் என் கையில் வேலை பார்த்த அத்தனை பேரும் சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். எனக்குக் கெட்டுப்போனது மூக்கு மட்டும்தான், கந்தகம் ஏறி ஏறி இப்போது மல்லிகைப் பூவுக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மாலை போட்டவன் கோபப்படக் கூடாது என்று குருசாமி சொல்லியிருக்கிறார், சந்தேகப்படக் கூடாது என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நீ இங்கே பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது கொண்டுவந்து போட்ட மை டப்பாக்களில் ஓட்டை போட்டு மாரிசெல்வி கொல்லையில் செடி வைத்திருக்கிறாள் அல்லவா, அந்தப் பக்கம் மூன்று வாரமாக நடமாட்டம் சரியில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு நாள் கடையில் அரைக் கிலோ மண்டைவெல்லம் வாங்கி வந்தாள், வீட்டில் பாயசமும் வைக்கவில்லை பணியாரமும் சுடவில்லை, வெல்லம் எங்கே போனது என்று தெரியவில்லை. அடுத்த நாள் பழைய பேப்பரில் கறுப்பாக என்னவோ பரப்பிக் காயப் போட்டிருந்தாள், பக்கத்தில் காகிதப் பொட்டலத்தில் வெள்ளையாக ஒரு தூள். கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கரித்தூளும் வெடியுப்பும் என்றுதான் எனக்குப் படும், உனக்குத் தெரியும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து வெள்ளையில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். வெடியுப்பாக இருந்தால் நாக்கு குளிரும், இது குளிரவில்லை, மண்ணைத் தின்ற மாதிரி நறநற என்றது. கறுப்பில் ஒரு சிட்டிகையை ரோட்டில் வைத்துத் தீக்குச்சி உரசிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஈரம் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். போன திங்கட்கிழமை மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவள் கொல்லையில் நின்று செல்போனில் யாரிடமோ பேசினாள். வேண்டுமென்று கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் போனேன், காதில் விழுந்தது. “மருந்த நல்லா இறுக்கி மூடி வச்சிருக்கேன்க்கா, இன்னும் ஒரு வாரந்தான். மாமாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா அம்புட்டுத்தான், தூக்கி வீசிருவாக. அவுக வாரதுக்குள்ள வேலைய முடிச்சிரணும்” என்று சொன்னாள். மருந்து என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெடிக்குள் வைத்து அடைக்கிறோமே அதுதான். வீட்டுக்குள் திருட்டுத்தனமாகச் சரம் கட்டிக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படிக் கட்டி அடுப்படியோடு போன வீட்டை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். நான் மருந்து ரூமில் இரும்பு ஆணி ஒன்று கிடந்தாலே ஆளை வெளியே அனுப்பியவன், என் வீட்டுக் கொல்லையிலேயே மருந்து என்றால் எனக்குச் சோறு இறங்குமா.

மாமனார் மருமகளிடம் நேரே போய் இதைக் கேட்க முடியாது. சாயங்காலம் உன் அம்மா வேனை விட்டு இறங்கியதும் மாரிசெல்வி மருந்து வைத்திருக்கிறாள் என்றேன். அவள், “ஏன், அவளுக்குக் காய்ச்சலா” என்றாள். இல்லை, எனக்குத் தெரியக் கூடாத மருந்து என்றேன். அதற்கு அவள் சோற்றில் கலந்து ஆளை மயக்குகிற மருந்து என்று புரிந்துகொண்டு, “ஆமா, உங்கள மயக்கித்தான் அவ ராச்சியம் ஆளப் போறாளாக்கும், பேசாமச் சாப்பிடுங்க சாமி” என்று சிரித்தாள். பிறகு நான் கேட்டது கேட்டபடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன், அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “ஏங்க, குடிக்கிற மருந்தா இருந்தா என்ன செய்ய” என்று கேட்டாள். மாரிசெல்வி பூச்சிமருந்தைக் குடித்துவிடுவாளோ என்ற எண்ணமே எனக்கு அதுவரை வரவில்லை. வெடிமருந்தாகவே இருந்துவிடட்டும் சாமி என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அதிலிருந்து அவளைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறேன். காலையும் மாலையும் செம்பருத்திக்குப் பின்னால், வெளிச்சுவரை ஒட்டிப் போகிறாள், ஈரச்சாக்கைத் தூக்கிப் பார்க்கிறாள், திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கையை மூன்று தடவை கழுவுகிறாள். அடுத்த வீட்டுப் பொன்னுத்தங்கம் நம் கொல்லைப் பக்கம் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாரிசெல்வியைப் பார்த்துச் சிரிக்கிறாள், என்னைக் கண்டதும் சிரிப்பை விழுங்குகிறாள், அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாரிசெல்வி சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, என் பூஜைச் சாமானைத் தினமும் விளக்கி வைக்கிறாள், முகம் வாடவும் இல்லை, அது இன்னும் பயமாக இருக்கிறது. நீ கடிதம் கண்டதும் அவளைக் கூப்பிட்டு அதட்டாமல் தன்மையாகக் கேள்.

18.12.2006, திங்கள்.

மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. மார்கழி பிறந்துவிட்டது. நான்கு நாட்களில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரிக்கண்ணன் வந்தான். ஷார்ஜாவில் உன் பிரஸ்ஸிலேயே வேலை பார்க்கிறவன், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்திருக்கிறான், நீ கொடுத்துவிட்ட சோப்பும் தைலமும் ஈச்சம்பழமும் வந்து சேர்ந்தன. மாரிசெல்வி அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அவுக என்றைக்கு விமானம் ஏறுகிறார்கள் என்று கேட்டாள், அவன் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு காப்பி நன்றாக இருக்கிறது என்றான். மனிதர்கள் மேலே பார்த்தால் எனக்குப் போதும். அவனை பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிக் கூடவே நடந்தேன், நிறுத்தம் வரும்வரை விடவில்லை. கடைசியில், “அவன் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டான்ல மாமா, பொங்கலுக்கெல்லாம் வரல. உங்ககிட்டச் சொல்லிட்டேன்னுல சொன்னான்” என்றான். எனக்குச் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பொங்கலுக்கு வருகிறேன் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். திரும்பி நடந்து வரும்போது எனக்கு ஒரே நினைப்புதான், இது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் மருந்து என்று. சனிக்கிழமை முழுக்க நான் வீட்டை விட்டு நகரவில்லை, பஜனைக்குக்கூடப் போகவில்லை. அவள் கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணி வேணும் தாயி, விபூதி எங்கே தாயி என்று ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், “மாமாவுக்கு இன்னைக்கு என்னாச்சு” என்று அவளே உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி இருக்கும். பூஜை முடித்துவிட்டு, இன்றைக்கு அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணிக் கொல்லைக்குப் போனேன். வெளிச்சுவருக்குப் பக்கத்தில் குழிக்குள் ஒரு நீல டப்பா, முன்பு நாம் ஊறுகாய் போட்டு வைத்தது, மூடி மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே புஸ் புஸ் என்று சத்தம். முப்பத்தொரு வருடத்தில் நான் அப்படி ஓடியதில்லை. “எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க, அடுப்ப அணைங்க” என்று கத்தியதில் தெருவே காலி, பொன்னுத்தங்கம் வீட்டு ஆட்டைக்கூட அவிழ்த்து ஓட்டிவிட்டார்கள். நான் மட்டும் ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன், அது என் வேலை. சாக்கைப் போட்டு அமுக்கியதும் டொப்பென்று மூடி பறந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை. தலையிலிருந்து கறுப்பு வேட்டி வரைக்கும் கொழகொழ என்று என்னவோ வழிந்தது, தாடியில் தொங்கியதை எடுத்துப் பார்த்தேன், மீன் குடல்.

ஆமாம், மீன் குடல்தான். மாலை போட்ட நான், மார்கழி இரண்டாம் நாள், மீன் குடலில் குளித்து நிற்கிறேன். தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது, மூன்று வாரமாக எல்லோருக்கும் தெரிந்த நாற்றம், எனக்கு மட்டும் தெரியவில்லை. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் மேல் தண்ணீராக ஊற்றினாள். மாரிசெல்வி கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே அத்தையிடம் சொல்வதாக எனக்குச் சொன்னாள். “வெம்பக்கோட்டை வீரலட்சுமி அக்காதான் சொன்னாக அத்த. மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு இருபத்தோரு நாள் மூடி வச்சா, ரோஸுக்கு அதவிட மருந்து இல்லன்னாக. மாமா மாலை போட்ருக்காகன்னு வீட்டுக்குள்ள கொண்டாரவே இல்ல, சொவத்தோரமா மண்ணுக்குள்ளதான் வச்சேன்” என்றாள். வீரலட்சுமி யாரென்று உனக்குத் தெரியும், காடு கரை வைத்துச் சம்சாரித்தனம் பண்ணுகிற பெத்தணன் வீட்டம்மா. விவசாயம் பார்க்கிறவர்கள் பயிருக்குக் கொடுப்பதையெல்லாம் மருந்து என்றுதான் சொல்வார்கள், அந்த மருந்து நம் வீட்டுக்குள் வந்து இந்தப் பாடு படுத்திவிட்டது. கறுப்பு என்று நான் கொளுத்திப் பார்த்தது டீத்தூள் சக்கை, வெள்ளை என்று நக்கிப் பார்த்தது முட்டை ஓட்டை இடித்த தூள். மாலை போட்டுக்கொண்டு முட்டை ஓட்டை நக்கியதை குருசாமியிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் யாரிடமும் சொல்லாதே.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் பொய். குடிக்கிற மருந்து இல்லை என்று தெரிந்ததும் ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, மீன் எரிச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். மறுபடி குளித்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து, எட்ட நின்று கம்பால் காட்டிக் காட்டி உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் மருமகளுக்குச் சொன்னாள். புளிக்கிற சரக்கை இறுக்கி மூடினால் எந்த மருந்தானாலும் வெடிக்கும், வாயில் துணி கட்டி வைக்க வேண்டும், தினமும் ஒரு தடவை கிண்டிவிட வேண்டும். அப்படியே ஊற்றக் கூடாது, ஒரு வாளித் தண்ணீருக்கு ரெண்டு மூன்று மூடி போதும், அதையும் முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்துவிட்டு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, வெயில் தாழ்ந்த பிறகு ஊற்ற வேண்டும். பக்கத்து ரோஸுக்கு ஆசைப்பட்டு ஒரு கை டி.ஏ.பி. உரம் அள்ளிப் போட்டிருக்கிறாள், இலை ஓரமெல்லாம் கருகிக் கிடக்கிறது, அதற்கு இப்போது உரமே வேண்டாம், பத்து நாள் தண்ணீர் மட்டும் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். கூட்டிப் போட்டால் கூடப் பூக்கும் என்பது கலவையில் கிடையாது, அளவு தப்பினால் எரிந்துபோகும், இது எனக்குத் தெரிந்த வேலை. டப்பாவில் மிச்சம் இருந்ததை வைத்து நேற்றுச் சாயங்காலமே ஒரு செடிக்கு மட்டும் விட்டாள்.

எந்தச் செடி என்று கேள். நீ விமானம் ஏறுவதற்கு முதல் நாள் அவளுக்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போன பன்னீர் ரோஸ். மூன்று வருடம் ஆகப் போகிறது, இலையும் முள்ளுமாக வளர்ந்ததே தவிர ஒரு பூ பூக்கவில்லை. நீ பொங்கலுக்கு வந்து வாசலில் இறங்கும்போது அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை. அதற்குத்தான் தீபாவளி முடிந்ததும் கிளைகளைக் கவாத்து வெட்டி, சக்கை காயவைத்து, ஓடு இடித்து, மீன்காரியிடம் குடல் கேட்டு வாங்கி, எனக்குப் பயந்து பயந்து மூன்று வாரம் ஒளித்து வைத்தாள். இதை அவள் சொல்லவில்லை, உன் அம்மா துருவிக் கேட்டு என்னிடம் சொன்னாள். இன்று காலை நான் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றபோது மாரிசெல்வி என்னை முதல் தடவையாக நேரே கூப்பிட்டு, “மாமா, கவாத்து வெட்டுன கொம்புல மூணு மொட்டு விட்ருக்கு, அவுக வாரதுக்குள்ள விரிஞ்சிரும்ல” என்று கேட்டாள். மாலை போட்ட கழுத்தோடு பொய் சொல்ல முடியவில்லை, அந்த முகத்தைப் பார்த்து உண்மையையும் சொல்ல முடியவில்லை. தண்ணி நிறைய விட்ராத தாயி, வேர் அழுகிரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் சந்தேகமெல்லாம் உன் மேல்தான் புகழேந்தி. மூன்று வாரம் நான் அவளைச் சந்தேகப்பட்டேன், அவளிடம் ஒளிக்க இருந்ததெல்லாம் மீன் குடல். நீ என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாய். ஏன் கையெழுத்துப் போட்டாய், ஏன் எங்களிடம் சொல்லிவிட்டதாக மாரிக்கண்ணனிடம் பொய் சொன்னாய், உடம்புக்கு ஏதுமா, அங்கே வேறு ஏதுமா, வர விருப்பமில்லையா. வேலையில் முடியவில்லை என்றால் அதையும் சொல், நாங்கள் புரிந்துகொள்ளாத ஜனங்கள் இல்லை. குடிக்கிற மருந்தோ என்று உன் அம்மா கேட்டபோது, சேச்சே அவளுக்கு என்ன குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வர முடிந்தால் வந்துவிடு. முடியாது என்றால் அதை என்னை விட்டுச் சொல்லச் சொல்லாதே, மாரிக்கண்ணன் வாயாலும் அவள் கேட்கக் கூடாது, நீயே சொல். பூ விரிந்தபிறகு சொல்லாதே, மொட்டாக இருக்கும்போதே சொல்.

குளிர்காலம் என்கிறார்கள், வேலை முடிந்து வண்டியில் வரும்போது காதை மூடிக்கொள். மை கழுவிய கையோடு சாப்பிட உட்காராதே. பகவான் உனக்கு நல்ல புத்தியும் திடமான உடம்பும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், அம்மா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னாள். கடிதம் கைக்குக் கிடைத்த முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. மணி அடித்ததும் நானும் உன் அம்மாவும் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விடுவோம். திரும்பி வந்து நீ என்ன சொன்னாய் என்று அவளிடம் கேட்க மாட்டேன், ஜன்னல் பக்கமும் போக மாட்டேன், அது நான் ஒட்டுக் கேட்கக் கூடாத பேச்சு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. வேலுச்சாமி